நண்டு ஷெட்டில் முதல் சீசன்

இடது கை தொட்டில் கயிற்றை இழுக்க, வலது கை இதை எழுதுகிறது. பிள்ளை தூங்கினதும் மாமியாரிடம் விட்டுவிட்டு, வேனில் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற தொழில் எனக்கு. ரெண்டு கையும் எப்போதும் ஈரம்; மூக்கு அரித்தால்கூடப் பக்கத்தில் இருப்பவளைத்தான் சொறிந்துவிடச் சொல்ல வேண்டும். ஈரக்கையோடு பாடுபடுகிற உங்களுக்குச் சொன்னால் புரியும்.

முழங்கை

என் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஷெட் தூணில் கட்டியிருப்போம். ஓடுவது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாடகம். முதல் சீசன் முழுக்கப் பள்ளிக்கூடம்தான். கதாநாயகி கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வாத்தியாரையே கேள்வி கேட்பாள். அது முடிந்தால் ரெண்டாவது சீசன் தானாக ஆரம்பித்துவிடும். ஈர விரலுக்குப் போன் கேட்காது. அதனால் தூணடியில் இருப்பவள் ஒரு முழங்கையைக் காய வைத்திருந்து, அதாலேயே தள்ளி மறுபடி முதல் சீசனுக்குக் கொண்டுவருவாள்.

புதிதாக வந்த பெண் ஒருத்தி, பார்த்ததையே பார்க்கிறீர்களே, சலிக்கவில்லையா என்றாள். எங்களுக்கு அக்கா முறையான கீழக்கரை சகீனா லாத்தா நிமிராமலே கேட்டார்: “தினமும் சோத்துக்கு மீனாணம்தான் வைக்கிறே. உன் மாப்பிள்ளை சலிச்சுக்கிட்டுச் சாப்பிடாமயா போறாரு?”

கல்யாணச் சேலை

ஒருநாள் முழங்கைக்காரி வரவில்லை. ரெண்டாவது சீசன் ஓடிவிட்டது. கதாநாயகிக்குக் கல்யாணமாம். பள்ளிக்கூடத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. பட்டுச்சேலையோடு அடுப்படியில் நின்று அழுகிறாள். எங்களுக்கு வந்த ஆத்திரத்தில் நண்டுக்காலை நசுக்கிய நசுக்கு, ஓட்டுத் துண்டெல்லாம் சதையில் கலந்துவிட்டது. அப்படிக் கலந்தால் கம்பெனி, சதை அடைத்த டப்பாவைத் திருப்பி அனுப்பிவிடும். அனுப்பியது.

தங்கச்சிமடம் ஜெசிந்தா அக்காவுக்கு டப்பாவைப் பற்றிக் கவலையே இல்லை. “அடுப்படிய நான் பார்த்ததில்லன்னா போன்ல காட்டுறானுக?”

வீட்டில்

எட்டாவதோடு என்னை நிறுத்தினார்கள். யூனிபார்ம் பாவாடையைக் கிழித்துத் தலையணை உறை தைத்தார்கள். அதில் தலை வைத்துத்தான் கல்யாணம் வரைக்கும் படுத்தேன். எட்டாம் வகுப்புக்கு மேல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததெல்லாம் அந்தப் போனில்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம். நாடகம் பார்ப்பது தெரிந்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார்: “ஒரு பிள்ளைக்குத் தாய் நீ. சின்னப் பிள்ளைக நாடகம் உனக்கு என்னத்துக்கு?”

தூண்

டப்பா திரும்பி வந்த மறுநாள், சூப்பர்வைசர் அண்ணன் போனை அவிழ்த்துவிட்டார். நாடகத்தால்தான் துண்டு கலக்கிறது, இனிமேல் போன் வைத்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றார். அவர் உட்கார்ந்திருப்பது நாற்காலியில். காய்ந்த கையில் அவர் போன், அதில் கிரிக்கெட்.

ஷெட்டில் நான் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எழுந்து நின்றேன். “அண்ணே, முதல் சீசன் ஓடுன அன்னைக்கு ஒரு டப்பா திரும்பி வந்திருந்தாச் சொல்லுங்க, நானே வேலைய விட்டு நின்னுக்கிறேன்.” அவ்வளவு பேரும் கையை நிறுத்தினார்கள். மேசையில் நண்டு ஆறிக்கொண்டிருந்தது. நேரமானால் சதை கெட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

போனை அவரே திரும்பக் கட்டினார். சாயங்காலம் வரை ஒரு ஓட்டுத் துண்டு கிடைக்குமா என்று டப்பா டப்பாவாகக் கிளறினார், கிடைக்கவில்லை. முதல் சீசனின் கடைசி எபிசோடுக்கு வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆகுது என்று கேட்டார்.

சகீனா லாத்தா சொன்னார்: “அப்புறம் ஒண்ணும் இல்லப்பா. பரீட்சை எழுதுது, அதோட முடிஞ்சிருச்சு.”

ஆக, பள்ளிக்கூடத்தை விட்டு எங்களை இழுத்துக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தராவது படிக்கிறியா என்று எங்களைக் கேட்டிருந்தால், இந்த நண்டு நாற்றத்தில் உட்கார்ந்து நாங்கள் எதுக்கு இந்தப் பள்ளிக்கூட நாடகத்தை — இந்தா வாரேன் அத்தை, வேன் வந்திருச்சா, பிள்ளையக் கொஞ்சம் பார்த்துக்கங்க.