மடியில் பன்றிக்குட்டி

"எந்தக் கிருமியும் என் கண்ணுல மண்ணைத் தூவிட்டு நம்ம ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனதில்ல. போகவும் முடியாது" என்று மருத்துவமனை உணவறையில் மோர்க் குவளையை உயர்த்திப் பிரகடனம் செய்தார் யாகோமின். தொற்றுத் தடுப்புச் செவிலியர். மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகமுள்ள எங்கள் தெற்கு நெதர்லாந்தில் அது ஏறக்குறைய எல்லைப் பாதுகாப்புப் படை.

அவர் ஆட்சியில் மணிக்கட்டில் கடிகாரம் கட்டியவர் தேசத் துரோகி. அறுவை நடக்கையில் காரணமின்றிக் கதவைத் திறந்தவர் அதற்கும் கீழ். எலும்பு மருத்துவர் ஏல்கோவின் கல்யாண மோதிரத்தையே எல்லார் முன்னிலையிலும் சோப்புப் போட்டுக் கழற்றவைத்தவர். நோயாளியோ ஊழியரோ, எல்லாரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: உயிருள்ள பன்றியோடு பழக்கம் உண்டா? உண்டென்றால், மருந்துக்கு மசியாத கிருமி மூக்கில் குடியிருக்கலாம்; பஞ்சுக் குச்சியால் மூக்கைத் துழாவி, முடிவு வரும்வரை தனியறை. கேள்வி கேட்பவர் யாகோமின் என்பதால் அவரிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

அவரது முழங்கால் தேய்ந்து, மாடிப்படி மலையாகி, மாதக்கணக்கில் காத்திருந்து மாற்று மூட்டுக்கு நாள் கிடைத்தது. இதற்கிடையில், ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு அவர் போனது ஃபொன்ஸ் என்பவரின் வீட்டுக்கு. ஃபொன்ஸ் மனைவியை இழந்தவர், நல்லவர், பன்றி வளர்ப்பவர்.

அறுவைக்கு முன்தினம் ஏல்கோ பேனாவோடு வந்தார்.

"உங்ககிட்டயே கேக்கணுமா சிஸ்டர்? பன்றி இல்லன்னு போட்டுடறேன்."

தலையாட்டினால் போதும், புது முழங்கால். உண்மையைச் சொன்னால் மறுபடி வரிசையின் வால். கூடவே, ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே உணவறை முழுவதும் ஃபொன்ஸை மெல்லும்.

"கேளுங்க டாக்டர். எல்லாரையும் கேக்கறதுதானே."

"பன்றியோட பழக்கம் உண்டா?"

"குட்டி. ஞாயித்துக்கிழம மடியில வெச்சிருந்தேன்."

"யாரோட குட்டி?"

"அது உங்க கேள்வில இல்ல."

ஏல்கோ மோதிரமில்லாத விரலைத் தடவிக்கொண்டார். சிரிக்கத் தயாராகும் முகம் அது.

"திங்கக்கிழமதோறும் தியேட்டருக்குள்ள நின்னிருக்கேன் டாக்டர்" என்றார் யாகோமின். அவர் சிரிக்கவில்லை.

குச்சியைத் தானே எடுத்து மூக்கைத் துழாவிக் கொடுத்தார். தனியறைக்கு நொண்டிக்கொண்டே போய், கதவில் மஞ்சள் எச்சரிக்கை அட்டையைத் தானே மாட்டினார். பிறர் மாட்டினால் கோணலாகத் தொங்குமாம்.

முடிவு வந்தது. கிருமி இருந்தது. தான் நின்ற அறுவைகளின் நோயாளிகளை எல்லாம் அழைத்துச் சோதிக்கச் சொல்லி, உள்ளிருந்து அவரே தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்.