பீடத்தின் முன்னால் யார் நிற்பது?

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என் தொண்டைக்கட்டு இன்னும் தீரவில்லை. வயிற்றெரிச்சலும்தான்!

எங்கள் தேவாலயத்தில் இந்த வருடம் பெரிய சங்கதி. போன நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒருவர் எழுதிய கிறிஸ்து பிறப்பு இசையைப் பாடினோம். கோரஸ், தனிப்பாட்டு, டூயட் எல்லாம் அதில் உண்டு. வெள்ளைக்காரப் பாதிரியாரின் மனைவியான துரைசாணி, கையில் சின்னக் குச்சியோடு எங்களைப் பழக்கினார். நான் ஆண்கள் வரிசையில் கடைசி ஆள்.

டூயட்டுக்கு என் மனைவி அன்னம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பெருமைதான். ஆனால் கூடப் பாடுவது யார்? கொழும்பிலிருந்து புதிதாக வந்த கிளார்க் சாமுவேல். சுருட்டை முடி. கல்யாணமாகாதவன். குரலும்... நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய!

வாசகர்களே, எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். பீடத்தின் முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் ஜோடியாக நிற்பது கல்யாணத்தன்று மட்டும்தான். அங்கே என் மனைவி இவனோடு நிற்பதா? ரிஹர்சல் முழுவதும் பின்வரிசையிலிருந்து அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கம் திரும்புகிறாளா... இல்லையா? பாட்டில் கோட்டை விட்டேன். பொறாமைக்காரனுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

ஒருநாள் டோபி காட் தெருப் பக்கம் சாமுவேலை வழிமறித்தேன்.

"தம்பி, சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சீரோ?"

"ஐயோ அண்ணை, ஒரு சுரம் பிசகினா அன்னம்மா அக்கா தாற பேச்சு தாங்கேலாது. நீங்களே பாடுங்கோ!"

சாமுவேல் விலகிக்கொள்ள, துரைசாணி அரைமனதாகச் சம்மதித்தார். வென்றுவிட்டேன்! டூயட் என்றால் நானும் பாடவேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஜாலான் புசார் தெருவில் எங்கள் வீட்டில் தினமும் அன்னம்மாவிடம் எனக்குப் பாடம்.

"இஞ்சாருங்கோ, அந்த இடத்தில மூச்சை விடாதேங்கோ!"

சோறு ஆறிப்போகும். பரவாயில்லை — பக்கத்தில் நிற்கப்போவது நான் அல்லவா?

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் நின்றோம். அன்னம்மா எங்கள் கல்யாணத்துக் கூறைச்சேலை கட்டியிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே பாடினேன். ஒரு தரமாவது திரும்புவாள் என்று எதிர்பார்த்தேன். ம்ஹூம்! கண் இமைக்காமல் துரைசாணியின் குச்சியையே பார்த்தாள். அது எழுந்தால் இவள் குரல் எழுந்தது. அது நின்றால் இவளும் நின்றாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

வீடு திரும்பும்போது ரிக்ஷாவில் கேட்டேவிட்டேன்.

"ஒருக்கா எண்டாலும் என்னைத் திரும்பிப் பாத்தீரோ?"

"பாடேக்க ஆர் பக்கத்தில நிண்டா என்ன? சாமுவேல் நிண்டாலும் நீங்கள் நிண்டாலும் எனக்கு ஒண்டுதான்."

பாதி நிம்மதி. மீதிப் பாதியை யாரிடம் சொல்லி அழுவது?

சாமுவேல் மேல் எனக்கு இப்போது கோபமே இல்லை. ஆனால் ஈஸ்டருக்கும் டூயட் உண்டாம்... துரைசாணி அந்தக் குச்சியை எங்கே வைப்பார் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?