நம் கிளப்பைக் காப்பாற்றிய கோல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை குற்றாலத்தில், இடுப்பில் ஒரு துண்டும் உடம்பெல்லாம் நல்லெண்ணெயுமாக ஓடிப்போய் ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

பின்னே என்ன? அருவிக்கரையில் காவலுக்கு நின்றவர் நம் சுடலை! எட்டு வருஷத்துக்கு முன் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டு, நம் கால்பந்து கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றிய அதே சுடலை! ஆட்டம் பார்க்க வந்த போலீஸ் துரை, அந்த ஒரு கோலுக்காகவே அவருக்கு வேலை கொடுத்தார்.

எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாடசாமியிடம் இதையெல்லாம் கத்திச் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்குத் தோத்துக் கீழ போன கிளப்புல நானும் ஆடுனேன்" என்றார்.

சுடலை சட்டையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தபடியே சிரித்தார். "ஏலே மாடசாமி, இன்னுமா யார்ட்டயும் சொல்லல? அண்ணாச்சி, அந்தப் பந்து என் காலுல படவே இல்ல. இவன் முழங்காலுல பட்டுல்லா உள்ள போச்சு!"

"சொன்னா மட்டும் துரை அந்த வேலையை எனக்கா தரப் போறாரு? போலே" என்றார் மாடசாமி.

எனக்கு ஒரே குஷி! ஞாயிற்றுக்கிழமை கிளப் விழாவில் சுடலைக்குப் போட மாலை சொல்லியிருக்கிறோமே, அதை இப்போது யார் கழுத்தில் போடுவது? இதை வாசகசாலைப் பலகையில் ஒட்டுகிறேன். பதிலைக் கீழேயே எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று சுடலையின் உதையைக் கண்ணால் பார்த்ததாக இத்தனை வருஷம் உங்களிடம் அளந்த நான், அந்நேரம் ஆலங்குளத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தேன்.