நூற்று இருபது எழுத்தில் ஒரு சாவு

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து நான் சாவு எழுதிக்கொண்டிருந்தேன். கீழே மிளகாய் அரைக்கும் மில். மேலே நாங்கள் நான்கு பேர், கணினி இரண்டு. ஆங்கிலத்தில் கதை விளையாட்டுகள் செய்தோம். படம் கிடையாது. திரையில் வரும் வரிகளைப் படித்துவிட்டு ஆடுபவர் ‘வடக்கே போ’, ‘கதவைத் திற’ என்று தட்டச்சு செய்வார். தவறினால் செத்துப்போவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். யாரும் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது, பத்து நிமிடத்துக்கு ஒரு சாவாவது வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. வரிக்கு நாற்பது எழுத்து, சாவுக்கு மூன்று வரி. இரண்டரை ஆண்டில் நூற்று அறுபத்து மூன்று சாவுகள். இந்தக் கணக்கை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

ஒருநாள் நிரல் எழுதும் நண்பர் மேசைக்கு வந்தார். “அண்ணே, புது கேம்ல அந்த எண்ணெய் டாங்க் ரூமுக்கு ஒரு சாவு குறையுது லா. லஞ்சுக்கு முன்னாடி குடுத்துருங்க.”

“கொஞ்சம் நீளமா எழுதலாமா?”

“நூத்தி இருபதுக்கு மேல மெமரி தாங்காது. திரும்ப எழுந்து வரப்போறவனுக்கு எதுக்குண்ணே ஒப்பாரி?”

என் அண்ணன் தீவின் வடக்கே ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் இறுதியில், ஒரு கப்பலின் எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியபோது விஷவாயு தாக்கியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். டாங்க் ரூம் சாவை எழுத உட்கார்ந்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வேர்வை துடைக்க முகமூடியைக் கழற்றியது, ஏணியின் நாலாவது படியில் கை வழுக்கியது எல்லாவற்றையும் எடுத்து எழுதினேன். நூற்றுப் பதின்மூன்று எழுத்து. பிறகு கீழே போய் ஆட்டிறைச்சி பிரியாணி சாப்பிட்டேன், நல்ல பசியோடு.

அந்த வேலையை விட்ட பிறகு தமிழில் ஓர் அறிவியல் புனைகதை நாவல் எழுதினேன். நிலவில் விண்கலம் பழுதுபார்க்கும் பட்டறை, நாயகன் அண்ணனேதான். அவர் பெயரைப் போட்டு அவருக்கே காணிக்கையாக்கி அச்சிட வேண்டும், அது அண்ணி வீட்டில் அவர் படத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வாசகர் வட்டத்தில் ஐந்து பேர் படித்தார்கள். நாயகன் இறக்கும் இடத்தை ஐவரும் பாராட்டினார்கள். என்ன சிக்கனம் என்றார்கள். அது விளையாட்டுக்கு எழுதிய அந்த மூன்று வரிகளின் தமிழாக்கம் என்பது எனக்கு மட்டும் தெரியும். சொல்லவில்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அச்சுக்குக் கொடுக்குமுன் கையெழுத்துப் பிரதியை மார்சிலிங்கில் இருந்த அண்ணியிடம் கொடுத்து, இரண்டு வாரம் கழித்துப் போனேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே பேசினார்.

“படிச்சேன் தம்பி. அந்த ஆள் சாகுற இடம் உங்க அண்ணன்தானே?”

“ஆமா அண்ணி.”

“ஒம்பது நாள் கிடந்தாரு. நீங்க மூணே வரில முடிச்சுட்டீங்க. அடுத்த பக்கத்துல எல்லாரும் உக்காந்து சாப்பிடுறாங்க. உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?”

“மாத்தி எழுதிடறேன்.”

“எழுதுங்க. அப்புறம் அவர் பேரப் போடுங்க. இப்படியே போடுறதா இருந்தா வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். பதினோரு முறை முயன்றேன். முதல் நாள் மருத்துவமனை வாசல், அவர் வாயில் குழாய். எட்டாம் நாள் கட்டிலருகே பத்து நிமிடம். நடுவிலோ ஒன்றுமில்லை. ஒன்பது நாளில் நான் இரண்டு முறைதான் போயிருந்தேன். அப்போது பட்டணத்தில் ஒரு கிடங்கில் எழுத்தர் வேலை; ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டேன். மிச்ச ஏழு நாளில் என்ன நடந்தது என்பது அண்ணிக்குத்தான் தெரியும். அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். என்ன முகத்தோடு கேட்பது?

மூன்று வரிகளையும் அப்படியே விட்டு, அண்ணன் பெயரை எடுத்துவிட்டு, புத்தகத்தை அச்சிட்டேன். அண்ணிக்கு நான் ஒரு பிரதி கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.