அருக்காணி தைக்கும் அயர்லாந்துக் கொடி

அருக்காணி பிளேடை விரலிடுக்கில் பிடித்துத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் அவளே போட்ட தையல்தான். குற்றம் குறை சொல்ல முடியாத தையல். பிரித்த நூலைச் சுருட்டி எறிந்துவிட்டு, "ஒரு ஓரம் பாக்கி கெடக்குது" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டாள்.

தில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் இதைப் பார்த்தால் நம்பமாட்டார்கள். "ஜல்தி ஜல்தின்னு பறக்காதீங்க, வெசாழக்கெழம வாங்கோ" என்றால் வியாழக்கிழமை ரவிக்கை தயாராக இருக்கும். தையலில் யாராவது நொட்டை சொன்னால் மட்டும் திருப்பூர்க்காரி என்பதை எடுத்துவிடுவாள். "எங்கூர்ல ஒருத்தரு மண்டை ஒடஞ்சும் கொடியக் கீழ உடலீங்க. அந்த ஊர்க்காரிகிட்டத் துணியப் பத்திப் பேசறீங்களா?" ரவிக்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

இந்த ஊர்ப் பெருமைக்குச் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பவர் ஒருவர்தான். பக்கத்துக் கான்வென்ட்டில் இருக்கும் சிஸ்டர் நோரா. அயர்லாந்தில் கார்க் அவர் ஊர். அந்த நாடு விடுதலைக்காக இங்கிலீஷ்காரனோடு மோதிக்கொண்டிருந்த நாளில், பத்தொன்பது வயதில் கப்பலேறி மதராஸுக்கு வந்தவர். வயது முழுவதும் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் தில்லிக்கு மாற்றலானவர். நாடு சுதந்திரம் அடைந்ததைக் கடிதத்தில் படித்ததோடு சரி; திரும்பிப் போகவே இல்லை. அவர்கள் நாட்டுத் தலைநகர் டப்ளினில் கலகம் வெடித்தது ஒரு ஈஸ்டர் திங்கட்கிழமையாம். வருஷா வருஷம் அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு காகிதக் கொடியைக் குத்திவைத்து, கேரளத்துச் சிஸ்டர்களுக்கு மிட்டாய் கொடுப்பார். அருக்காணியும் போவாள். "டப்ளின்காரங்க நல்லாப் பேசுவாங்க, அருக்காணி. சண்ட போட்டது எங்க ஊரு!" என்பார் சிஸ்டர்.

போன வருஷம் அவர் துணியில் பெரிய கொடி ஒன்று கேட்டார். பச்சை, வெள்ளை, ஆரஞ்சு.

"நான் செத்தா சவப்பெட்டி மேல போத்தணும். எங்க ஊர்ல சண்டைல செத்தவங்களுக்கு அப்படித்தான் போத்துவாங்க. எனக்கு அந்த யோக்கியதை இல்ல. ஆசை இருக்கு."

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் துணி எடுத்தபோது, "பந்த்ரா அகஸ்த் அபி தூர் ஹை, பெஹன்ஜி" என்று கடைக்காரர் சிரித்தார். சுதந்திர தினத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். அந்த ஆகஸ்ட் பதினைந்துக் கொடி அவள் கையிலும் ஊறிப்போயிருந்தது. கொடி என்றால் பட்டைகள் படுத்துத்தான் கிடக்கும் என்று ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து அருமையாகத் தைத்துவிட்டாள். பச்சை மேலே, ஆரஞ்சு கீழே. சிஸ்டர் விரித்துப் பார்த்தார்.

"அடிப்பாவி, உங்க கொடி தலைகீழா இருக்கு! இதப் போத்தினா போலீஸ் வந்து பெட்டியத் தட்டும்!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பட்டைகள் நிற்க வேண்டும், பச்சை கம்பத்தின் பக்கம் என்று சிஸ்டர் விரலால் வரைந்து காட்டிவிட்டுப் போனார்.

அதைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் அருக்காணிக்கு அந்த யோசனை வந்தது. கொடி முடிந்தால்தானே பெட்டி? முடியவே வேண்டாம். இந்த ஊரில் தன்னைத் தமிழில் உரிமையோடு அதட்ட வேறு யார் இருக்கிறார்கள்? அதன்பின் ஒரு தடவை சாயம் போனது, ஒரு தடவை மெஷின் பெல்ட் அறுந்தது. எல்லாம் வாய் கூசாமல் சொன்ன பொய். "ஏம்புள்ள, வயசான அம்மாவ இப்படி அலய உடறே?" என்று கணவர் செல்வராஜ் கேட்டும் பலனில்லை.

இன்றைக்கும் பிளேடும் கையுமாக இருந்தபோது வாசலில் கைத்தடிச் சத்தம். ஈஸ்டர் திங்களுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ஓரம் பாக்கியா?"

"ஒரே ஒரு ஓரந்தானுங்க, சிஸ்டரம்மா."

சிஸ்டர் அவள் கையிலிருந்த பிளேடைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"எனக்குத் தெரியும், அருக்காணி. ஆனா பெட்டிக்குள்ள போயிட்டா நான் அதப் பாக்க முடியாதே. நான் கப்பலேறினப்போ கொடிய வீட்டுல ஒளிச்சு வச்சிருந்தாங்க. இங்க எங்க எம்பசில பறக்கறது சர்க்கார் கொடி. நம்ம கொடி ஒண்ணு, நம்ம தோட்டத்துல காத்துல ஆடறத ஒரு தடவ பாக்கணும். அவ்ளோதான்."

பெட்டியையே நினைத்து, பார்க்க ஏங்குகிற கண்ணை மறந்துபோனோமே என்றிருந்தது அருக்காணிக்கு. மெஷினில் துணியைக் கொடுத்து, ஓரத்தை ஒரே மூச்சில் ஓட்டினாள். பெட்டிக்குப் போர்த்துகிற துணி என்றால் வேலை அதோடு முடிந்தது. அவள் நிறுத்தவில்லை. கம்பத்தின் பக்கம் வரும் பச்சை விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்தாள். பிறகு உள்ளே போய், தன் புதுப் பாவாடையிலிருந்து நாடாவை உருவிக்கொண்டு வந்து, நுனியில் ஊக்கை மாட்டி, அந்த மடிப்புக்குள் நுழைத்துத் தள்ளத் தொடங்கினாள்.