துணைப்படகு

கடலில் பந்தயம் விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த கடலை வேறு யாரோ கைதட்டலுக்காகக் கடக்கிறார்கள் என்றால் வயிறு எரியத்தான் செய்யும். அதனால், ஐம்பதை எட்டிய என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, தான் பந்தய வள்ளத்தில் துடுப்பு வலிக்கப் போவதாகச் சொன்னபோது நன்றாகவே ஏசினேன். சுகர் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது, இனி வள்ளம் ஒன்றுதான் குறை என்றேன். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

அவர் பஸ் ஓட்டுகிறார். அதே டிப்போவில் ஹவாயிலிருந்து வந்த ஒரு பெண்ணும் ஓட்டுகிறாள். உயரமான, சத்தமாகச் சிரிக்கிற மனுஷி. லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்குத் தெற்கே, கப்பல் வராத பழைய துறைமுகத்தில் அவளும் சிலருமாகத் தங்கள் ஊர் வள்ளம் ஒன்றை வைத்திருந்தார்கள். ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக இருந்து வலிக்கும் ஒடுக்கமான, நீண்ட வள்ளம். கவிழாமல் இருக்க இடப்பக்கத்தில் இரண்டு வளைந்த கம்புகளில் ஒரு மிதவைக் கட்டையைக் கட்டியிருப்பார்கள். அவள்தான் தலைவி. கடைசி இருக்கையில் இருந்து திசை பிடிப்பவளும் அவள்தான்.

ஒருநாள் அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், உங்கள் ஆட்களுக்கு வேறு விளையாட்டுக் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. பந்தயம் எப்படித் தொடங்கியது என்று சொன்னாள். அவளுடைய ஊரில் இரண்டு தீவுகளுக்கிடையே ஒரு நீரிணை, காற்றும் அலையும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் இடம். பழைய காலத்தில் சனம் வள்ளத்தில் போய்வந்த கடல்தான். பிறகு கப்பல் வந்தது, விமானம் வந்தது, வள்ளங்கள் கரையோரப் பந்தயங்களோடு நின்றுவிட்டன. அந்த நீரிணையை வள்ளத்திலேயே கடக்கலாம், அதைப் பந்தயமாக வைக்கலாம் என்று ஒரு மனிதர் வருஷக்கணக்காகச் சொல்லித் திரிந்தாராம். ஆட்கள் செத்துப்போவார்கள், அருமையான மரத்தில் செய்த வள்ளங்கள் உடைந்துபோகும் என்று ஒருவரும் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மூன்றே மூன்று வள்ளங்கள் இறங்கின. அப்படித்தான் தொடங்கியது என்றாள்.

இப்போது அங்கே ஒவ்வொரு வள்ளத்தோடும் ஒரு துணைப்படகு போகுமாம். மாற்று ஆட்கள் அதில் இருப்பார்கள். ஆள் மாற்றுவதற்காக வள்ளம் நிற்காது. துணைப்படகு முன்னே ஓடி, மாற்று ஆட்களை நடுக்கடலில் இறக்கிவிட்டு விலகிக்கொள்ளும். அவர்கள் வரிசையாக மிதந்தபடி கையை உயர்த்திக்கொண்டு காத்திருப்பார்கள். வள்ளம் வந்ததும் களைத்தவர்கள் வலப்பக்கம் குதிக்க, காத்திருந்தவர்கள் இடப்பக்கம் விளிம்பைப் பிடித்து அவரவர் இடத்தில் ஏறிக்கொள்வார்கள். தண்ணீரில் கிடப்பவர்களைத் துணைப்படகு திரும்பி வந்து ஏற்றும்.

"ஒருத்தரையும் விட்டிட்டுப் போகாதாம்," என்றார் என் வீட்டுக்காரர். தமிழில், எனக்கு மட்டும். இந்த மனுஷன் எதற்காகப் போகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை.

அவர் மன்னார் ஆள். சண்டைக் காலத்தில், பள்ளிக்கூடம் போகிற வயதில், தன் சின்னத் தம்பியைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் படகேறியவர். ஓட்டி இடைவழியில் எல்லோரையும் ஒரு மணல்திட்டியில் இறக்கிவிட்டு, இன்னொரு படகு வந்து ஏற்றும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தப் படகு மறுநாள்தான் வந்தது. அதற்குள் காற்று எழும்பி, அலை திட்டியின் மேலால் அடிக்கத் தொடங்கியிருந்தது. வந்த படகு கிட்ட வர முடியாமல் தள்ளி நிற்க, சனம் கழுத்தளவு தண்ணீரில் போய் விளிம்பைப் பிடித்தது. மேலே நின்று தம்பியைத் தூக்கலாம் என்று இவர் முதலில் ஏறினார். ஏறித் திரும்பிக் கையை நீட்டியபோது தம்பி இல்லை. கலியாணம் கட்டிய புதிதில் ஒரே மூச்சில் இதைச் சொன்னார். பிறகு சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

வள்ளம் பழகத் தொடங்கிய காலத்தில் அவர் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப விட்டார். வள்ளம் வரும்போது தான் ஏறாமல், பக்கத்தில் மிதக்கிற ஆளின் இடுப்பைப் பிடித்து மேலே தூக்கிவிடுவார். தூக்கிய வேகத்தில் இவர் தண்ணீருக்குள் போய்விடுவார். எழும்பும்போது வள்ளம் தாண்டியிருக்கும், இவருடைய இருக்கை வெறுமையாகப் போகும். தலைவி கத்துவாள். அந்த விளையாட்டில் யாரும் யாரையும் ஏற்றக்கூடாது, அவரவர்தான் ஏறவேண்டும். கரையில் நின்ற எனக்கு அவள் மேல் ஆத்திரம் பொங்கும். அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு உரிமை இல்லை.

குளிர்காலம் முழுக்கப் பழகி ஒருவழியாகத் திருந்தினார். துறைமுகத்துத் தண்ணீரில் மற்றவர்களைப் போலவே விளிம்பைப் பிடித்து ஏறினார். வீட்டில் விசிலடிக்கக்கூடத் தொடங்கினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

தலைவியும் வருஷக்கணக்காகச் சொல்லித் திரிந்து, போன கோடையில் இங்கிலாந்தின் தெற்குக் கரையோரம் இரண்டு தீவுகளுக்கிடையே ஒரு சின்னப் பந்தயத்தைத் தொடங்கிவைத்தாள். நாலு வள்ளங்கள். மாற்று ஆட்களில் இவரும் ஒருவர். வரவே மாட்டேன் என்று சொன்ன நான், அலையில் சத்தி வராமலிருக்கக் குளிசை விழுங்கிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு துணைப்படகில் இருந்தேன்.

நடுவழியில் மாற்று ஆட்கள் மூவரும் இறங்கினார்கள். மழை மூட்டம், சாம்பல் நிறத் தண்ணீர். இவருக்குப் பக்கத்தில் பார்மசியில் வேலை செய்கிற ஒரு மெலிந்த பெண் மிதந்தாள். எங்கள் படகு விலகியது. அலை எழும்பும்போது மூன்று கைகள் தெரிந்தன. இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. வள்ளம் வந்தது. முதல் ஆள் ஏறினான். அந்தப் பெண்ணும் விளிம்பைப் பிடித்துவிட்டாள், அவளால் தானாகவே ஏறியிருக்க முடியும். ஆனால் இவருடைய கைகள் அவள் இடுப்பில் இருந்தன. தூக்கிவிட்டார். வள்ளம் ஐந்து பேரோடு போய்விட்டது.

துணைப்படகு திரும்பி வந்து, வள்ளத்திலிருந்து குதித்த மூவரையும் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனது. படகோட்டி ஏணியை இறக்கினான். அவர் ஒரு கையால் ஏணியைப் பிடித்தார், ஏறவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைத்தான் பார்த்தார், என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. படகோட்டி இங்கிலீஷில் ஏறச் சொல்லிக் கத்தினான். நான் குனிந்து கையை நீட்டி, நான்தான் நிற்கிறேன், ஏறுங்கோ என்று சொன்னேன்.

"தம்பி ஏறீட்டானோ?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு பொய்யையாவது நான் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை.

"ஓம்," என்றேன். "அவன் முதலே ஏறீட்டான்."

அதற்குப் பிறகுதான் அவர் மற்றக் கையைத் தந்தார்.