கன்னியம்மா பெருக்காத காலை

சிட்லபாக்கம் பூங்காவைப் பெருக்குகிற கன்னியம்மாவுக்கு அது ஒரு மானப் பிரச்சினை. விடிவதற்குள் தரையில் ஓர் இலைகூடக் கிடக்கக் கூடாது. நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் ஐந்தரைக்கு நுழையும்போது மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் மட்டுமே தெரிய வேண்டும். எண்பத்து நான்கிலிருந்து ஏழு வருடம் அப்படித்தான் நடந்தது.

அவளுக்கு ஒரே விரோதி, மூலையில் நின்ற மரமல்லி. ஐப்பசி பிறந்துவிட்டால் ராத்திரியெல்லாம் கொட்டித் தீர்க்கும். ஈரமண்ணில் ஒட்டிய பூ, வருவேனா என்று அடம்பிடிக்கும். "உனுக்கு வேற வேலையே இல்லியா? நேத்துதான வாரிக் கொட்னேன்" என்று தினமும் திட்டுவாள். திட்டிக்கொண்டே இரண்டு பூவைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். அது வேறு விஷயம்.

ஒரு வியாழக்கிழமை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் யக்ஞநாராயணன் அந்த மரத்தில் சாக்பீஸால் பெரிதாக ஒரு குறி போட்டார்.

"இன்னா சார் இது?"

"ஞாயித்துக்கிழமை வெட்டறோம்மா. ஷட்டில் கோர்ட் வரப்போறது. பூவும் இல்லே, காயும் இல்லே, சும்மா இடத்தை அடைச்சிண்டு நிக்கறது."

"பூ இல்லியா? இந்தா, என் தலையில கீதே சார்!"

"தெனம் காலம்பற வரேன். ஒத்தைப் பூகூடப் பாத்ததில்லையே" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். வாசனை வந்த நாட்களில் யார் வீட்டு மல்லிப் பந்தலோ என்று நினைத்திருக்கிறார் மனிதர்.

கன்னியம்மாவுக்குப் பகீரென்றது. அவள் கையே அந்த மரத்துக்கு எமனாகிவிட்டது.

மறுநாள் அவள் விளக்குமாற்றைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது பெருக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கை துறுதுறுத்தது. பெருக்காததற்கே வேலை போய்விடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யக்ஞநாராயணன் வந்தார், நின்றார், செருப்பைக் கழற்றினார். குனிந்து ஒரு பூவை எடுத்து முகர்ந்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். விடுவிடுவென்று வெளியே போனார்.

'தீந்துச்சு' என்று நினைத்தாள் கன்னியம்மா.

கால் மணி நேரத்தில் மனைவி சாமுண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பினார். அந்த அம்மாள் பூங்காவுக்குள் வந்ததே அன்றுதான். அவள் பூ பொறுக்கிக்கொண்டிருக்க, இவர் தோள் துண்டை நனைத்து மரத்திலிருந்த குறியை அழுத்தித் தேய்த்து அழித்தார்.

"கன்னியம்மா, இனிமே இந்த மூலையை எட்டு மணிக்கு மேல பெருக்கினாப் போறும்."

அதற்குள் நன்றாக விடிந்து இளவெயில் விழுந்திருந்தது. தெருவிளக்கின் மஞ்சளிலேயே ஏழு வருடம் பார்த்த பூக்களைக் கன்னியம்மா அன்றைக்குத்தான் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அடிப்பாவி, இம்மாம் வெள்ளையா நீ!" என்றவளுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை.